பாடி ஃபேட்: காலையில் 24, மாலையில் 21, டேப்பில் 18.6. எதை நம்புவது?

கேள்வி:
ஆண், வயது 34, உயரம் 170 செ.மீ., எடை 74 கிலோ. வீட்டில் இருப்பது நாலு உலோகத் தகடு வைத்த ஸ்மார்ட் எடை மிஷின். எழுந்ததும் ஏறினால் கொழுப்பு 24%. ஜிம் முடிந்து மாலையில் ஏறினால் 21%. யூஎஸ் நேவி டேப் முறையில் (உடல் சுற்றளவுகளை வைத்துக் கொழுப்பைக் கணக்கிடுவது) கழுத்து 38, வயிறு 86 செ.மீ. போட்டால் 18.6. மிஷின் பழுதா?

பதில் 1:
பழுதில்லை சார். அது கொழுப்பை நேராக அளப்பதே இல்லை. ஒரு காலில் மெல்லிய மின்சாரம் விட்டு மறு காலில் வாங்குகிறது. நீர் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதாக விடும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையை உயரம், எடை, வயதோடு சூத்திரத்தில் போட்டுத்தான் சதவீதம் சொல்கிறது. இரவெல்லாம் படுத்து எழுந்ததும் காலில் நீர் குறைவு. தடை கூடும், கொழுப்பும் கூடுதலாகத் தெரியும். பகலில் நின்று நடக்க நீர் காலுக்கு இறங்கும், பயிற்சியில் தோல் சூடாகும், தடை விழும். உங்கள் 21 அப்படி வந்தது.

எழுந்து கால் மணிநேரம் நடமாடி, கழிவறை போய்வந்து, தண்ணீர் குடிக்கும் முன் ஏறுங்கள். மிஷின் டைல்ஸ் தரையில் இருக்கட்டும், பாய் மேல் வேண்டாம். பாதம் காய்ந்து வெடித்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு நில்லுங்கள்; காய்ந்த குதிகாலே காட்டும் சதவீதத்தை ஏற்றிவிடும். தொடைகள் ஒட்டக்கூடாது, மின்சாரம் குறுக்கே போய்விடும். ஆப்பில் அத்லெட் மோட் (விளையாட்டு வீரர்களுக்கான கணக்கு) இருந்தால் அணையுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறவே கூடாது.

பதில் 2:
எனக்கு அந்த 86-இல்தான் சந்தேகம். எங்கே அளந்தீர்கள்?

கேட்டவர்:
பெல்ட் போடும் இடத்தில். இப்போது தொப்புளில் வைத்தேன், 90.

பதில் 2:
அங்கேதான் பிசகு. ஆண்களுக்குத் தொப்புள் மட்டம்தான் கணக்கு. தொப்பைக்குக் கீழே பெல்ட் இறங்கியிருக்கும். அங்கே அளந்தால் தொப்பை கணக்கிலேயே வராது. இயல்பாக மூச்சை விட்டு முடித்ததும் படியுங்கள், எக்கிக்கொள்ள வேண்டாம். கழுத்துக்குக் குரல்வளை மேட்டுக்குக் கீழே, டேப் முன்பக்கம் சற்றே சரிந்திருக்கட்டும். தையல் டேப் பழசானால் இழுபட்டு நீளும். ஸ்டீல் ஸ்கேலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆண்களுக்கான கணக்கு, எல்லாம் செ.மீ.யில்:
495 ÷ (1.0324 − 0.19077 × லாக்(வயிறு − கழுத்து) + 0.15456 × லாக்(உயரம்)) − 450

90 போட்டால் 21.5%. உங்கள் அளவில் வயிற்றில் 1 செ.மீ. தவறினாலே விடை 0.7 நகரும், அதனால் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். கால்குலேட்டரில் ‘லாக்’ பட்டன்தான். பக்கத்தில் உள்ள ‘எல்என்’ அழுத்தினால் விடை தப்பாக வரும்.

கேட்டவர்:
மனைவிக்கும் இதேதானா? அப்புறம், 24-ஆ 21.5-ஆ?

பதில் 1:
எந்த வீட்டு முறையும் டெக்ஸா ஸ்கேனிலிருந்து (எக்ஸ்-ரே மூலம் கொழுப்பை அளக்கும் பரிசோதனை) 3, 4 புள்ளி தள்ளி நிற்கலாம். அதனால் இரண்டையும் கலக்காதீர்கள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வாராவாரம் ஒரே கிழமை, ஒரே நேரம் குறித்து வாருங்கள். தனி எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே உங்களுக்குப் பயன்படும்.

பதில் 2:
பெண்களுக்கு வேறு சார். வயிற்றைத் தொப்புளில் அல்ல, இடை மிகக் குறுகும் இடத்தில் அளக்க வேண்டும். இடுப்பைப் பின்புறம் மிக அகன்ற இடத்தில்.
495 ÷ (1.29579 − 0.35004 × லாக்(வயிறு + இடுப்பு − கழுத்து) + 0.22100 × லாக்(உயரம்)) − 450
கர்ப்பமாக இருந்தால் மிஷினும் வேண்டாம், இந்தக் கணக்கும் வேண்டாம்.