குளோபல்ஸில் போட்டால் போதுமா? நேம்ட்டப்பிள், பிக்கிள், பூல்

கடற்கரையான்:
நேற்று இங்கே பைதான் பற்றி ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார்: "ஓடும்போது உருவாக்கிய நேம்ட்டப்பிள் கிளாஸை பிக்கிள் செய்ய முடியாது, மல்ட்டிபுராசஸிங்கில் அதை மறந்துவிடுங்கள்." அதாவது, பெயருள்ள புலங்கள் கொண்ட டப்பிள் வகையை (நேம்ட்டப்பிள்) நிரல் ஓடும்போது உருவாக்கினால், அதைப் பைட்டுகளாக மாற்றி (பிக்கிள்) வேறு புராசஸ்களுக்கு அனுப்ப முடியாதாம். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. நான் சிஎஸ்வி தலைப்பு வரியைப் படித்து 'ரோ' என்று ஒரு கிளாஸ் உருவாக்குகிறேன், அதே பெயரில் குளோபல்ஸில் (மாட்யூலின் பெயர்ப் பட்டியலில்) போடுகிறேன். பூல் (வேலையைப் பிரித்துச் செய்யும் வொர்க்கர் புராசஸ்களின் கூட்டம்) வழியாக ஒழுங்காகப் போகிறது. ஒரே ஒரு வரி வேலை. தெரியாமல் புதியவர்களைப் பயமுறுத்தாதீர்கள்.

தறிக்காரன்:
அதைச் சொன்னவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். பிக்கிள் கிளாஸைச் சுமந்துகொண்டு போவதில்லை. மாட்யூல் பெயரையும் கிளாஸ் பெயரையும் மட்டும் எழுதுகிறது. மறுமுனையில் அந்த மாட்யூலைத் திறந்து பெயரைத் தேடுகிறது. உங்களுக்கு அங்கே பெயர் கிடைப்பது ஃபோர்க் (தாய் புராசஸை அப்படியே நகலெடுப்பது) போட்ட புண்ணியம். பூல் தொடங்கும் முன்பே கிளாஸ் இருந்ததால் நினைவகத்தோடு சேர்ந்து வொர்க்கருக்கும் போய்விட்டது. மேக்கில் ஓட்டிப் பாருங்கள். பைதான் 3.8 முதல் அங்கே இயல்பே ஸ்பான்தான், அதாவது வொர்க்கர் நகலாக இல்லாமல் புதிதாகத் தொடங்கும். விண்டோஸில் ஃபோர்க் கிடையவே கிடையாது.

கடற்கரையான்:
மேக்கைப் பற்றி யார் கேட்டார்கள்? என் சர்வர் லினக்ஸ். முடியாது என்றீர்கள், முடிகிறது. குளோபல்ஸில் போட்டால் போகிறது.

தறிக்காரன்:
சரி, லினக்ஸிலேயே பேசுவோம். பூலை முதலில் திறந்துவிட்டு, அப்புறம் கிளாஸை உருவாக்குங்கள். அனுப்பும் பக்கத்தில் ஒரு பிழையும் வராது. வாங்கும் வொர்க்கர், பெயர் கிடைக்காமல் ஆட்ரிப்யூட் எரரோடு செத்துவிடும். பூல் புது வொர்க்கரைக் கொண்டுவரும், ஆனால் தொலைந்த வேலை திரும்ப வராது. வேலையைப் பகிர்ந்து கொடுத்த மேப் அழைப்பு முடிவுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். உற்பத்திச் சூழலில் இதைவிட மோசமான பிழை எனக்குத் தெரியாது: வொர்க்கரின் பிழை அழைத்த நிரலுக்கு வராது, அது அப்படியே தொங்கும். இதைத்தான் "ஒரு வரி வேலை" என்று புதியவர்களுக்குக் கற்றுத் தருகிறீர்கள். இன்னொன்று, 3.14-இல் லினக்ஸின் இயல்பும் ஃபோர்க்சர்வராக (உங்கள் நிரலிலிருந்து இல்லாமல், தனி சர்வர் புராசஸிலிருந்து வொர்க்கரைப் பிரிப்பது) மாறிவிட்டது. மேம்படுத்தும் அன்றைக்கு உங்கள் குளோபல்ஸ் எங்கே இருக்கும் என்று பாருங்கள்.

மேகலை:
இரண்டு பேரும் ரெட்யூஸ் (பொருளை மறுமுனையில் எப்படிக் கட்டுவது என்று பிக்கிளுக்குச் சொல்லும் மெத்தட்) பக்கமே போகவில்லையே? கிளாஸை உருவாக்கும் ஃபங்ஷனை மாட்யூல் மட்டத்தில் வைத்து, புலப் பெயர்களையும் மதிப்புகளையும் அதற்கு ஆர்க்யுமெண்டாகத் தந்தால் மறுமுனையே கிளாஸைக் கட்டிக்கொள்ளும். ஃபோர்க்கா ஸ்பானா என்ற கவலையே இல்லை. ஸ்பார்க்கின் பைதான் பக்கமான பைஸ்பார்க் நேம்ட்டப்பிளுக்குச் செய்ததும் இதே வழிதான்.

தறிக்காரன்:
பைஸ்பார்க் அதற்காக நேம்ட்டப்பிள் ஃபங்ஷனையே பேட்ச் செய்தது (ஓடும்போதே மாற்றிவைத்தது) மேடம், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் வழியில் கேஷ் வைக்காவிட்டால் (ஒருமுறை கட்டிய கிளாஸைச் சேமித்து வைக்காவிட்டால்) ஒவ்வொரு வரிக்கும் ஒரு புதுக் கிளாஸ் பிறக்கும். ஒரே பெயர், ஒரே புலங்கள், ஆனால் ஐஎஸ்இன்ஸ்டன்ஸ் (இது அந்தக் கிளாஸைச் சேர்ந்ததா என்ற சோதனை) பொய் என்று சொல்லும்.

மேகலை:
கேஷ் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? போன மாதம் டேட்டாகிளாஸ் விவாதத்திலும் நான் சொல்லாததைச் சொன்னதாக வைத்துக்கொண்டுதான் என்னைத் திருத்தினீர்கள். அந்தப் பழக்கம் போகவில்லை.

குயில்தோப்பு:
எதற்கு இவ்வளவு பாடு? டிக்ட்டாக (பெயர்-மதிப்பு ஜோடிகளாக) அனுப்புங்கள். புலங்களே ஓடும்போதுதான் தெரியும் என்றால் கிளாஸ் எதற்கு?

தறிக்காரன்:
வரிக்கு ஒரு டிக்ட் என்றால் நினைவகம் என்னாகும் என்று எப்போதாவது அளந்து பார்த்தீர்களா? நேம்ட்டப்பிளில் புலப் பெயர்கள் கிளாஸில் ஒரே முறை இருக்கும், வரியில் மதிப்புகள் மட்டும்தான். அதற்குத்தான் கிளாஸ்.

குயில்தோப்பு:
அப்படியானால் வெறும் டப்பிளை அனுப்புங்கள், தலைப்பைத் தனியாக ஒரு முறை அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் நீங்களே பதில் சொல்லிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் எதற்கு?

தறிக்காரன்:
தவறாக எழுதினால் பதில் சொல்வேன். கடற்கரையான், பேச்சை மாற்ற விடமாட்டேன். பூலைத் திறந்த பிறகு கிளாஸை உருவாக்கி ஓட்டிய வெளியீட்டை இங்கே ஒட்டுங்கள்.

கடற்கரையான்:
நான் ஏன் பூலை முதலில் திறக்க வேண்டும்? உங்கள் வாதம் ஜெயிக்கவா? வீட்டுப்பாடம் கொடுக்க நீங்கள் என் வாத்தியார் இல்லை. குளோபல்ஸில் போட்டால் போகிறது.

தறிக்காரன்:
ஒட்டுங்கள், பேசுவோம்.