'பறவ' படத்துக்கு இம்ரான் கதை தேவையா?

கூடல்வாசி:
'மஞ்ஞும்மல் பாய்ஸ்' பார்த்த கையோடு, அதில் நடித்துத் தயாரித்த சௌபின் ஷாஹிர் 2017-இல் இயக்கிய 'பறவ' என்ற மலையாளப் படத்தைத் தேடிப் பார்த்தேன். அவருடைய தயாரிப்பு நிறுவனத்தின் பெயரே பறவ ஃபிலிம்ஸ்தான். கொச்சியின் மட்டாஞ்சேரியில் புறா வளர்க்கும் இச்சாப்பி, ஹசீப் என்ற இரண்டு பையன்கள் பந்தயத்துக்குத் தயாராகிறார்கள். அந்தப் பையன்களாக வரும் அமல் ஷாவும் கோவிந்தும் நடிக்கிறார்கள் என்றே தோன்றவில்லை. அப்புறம் துல்கர் சல்மான் வருகிறார். இச்சாப்பியின் அண்ணன் ஷேனுக்குச் சிநேகிதனாக இருந்த இம்ரான் அவர். கிரிக்கெட், அடிதடி, சாவு என்று பழகிப்போன பகைக் கதை ஓடுகிறது. அது முடியும்வரை பையன்களும் இல்லை, புறாவும் இல்லை. அந்தக் கதையை இரண்டு வரி வசனத்தில் சொல்லி முடித்திருக்கலாம்.

தோணித்துறை:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஷேன் நிகம் அந்த வீட்டில் எப்படி ஒடுங்கிக் கிடக்கிறான் என்று பாருங்கள். கீழே அப்படி ஒரு துக்கம் உட்கார்ந்திருக்கும்போதுதான் தம்பி மாடியே கதி என்று கிடக்கிறான். இம்ரானை நமக்கும் பிடித்துப்போனால்தான் அவன் இல்லாதது உறைக்கும். வசனத்தில் அது வராது. துல்கரைப் போட்டதும் அதற்காகத்தான். வந்த ஐந்தாவது நிமிடமே நம் வீட்டுப் பையன் மாதிரி ஆகிவிடுகிறார்.

கர்ணப்புறா:
வடசென்னையில் சின்ன வயதிலிருந்து புறா வளர்க்கிறவன் நான். எனக்குக் குறை வேறு. புறா இரண்டு முட்டை இடும், பதினெட்டு நாள் அடைகாக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்காரும். பொரித்த குஞ்சுக்குத் தொண்டைப் பையில் ஊறும் பாலைத்தான் முதலில் ஊட்டும். ஒரு மாதத்தில் குஞ்சு கூண்டை விட்டு வெளியே வரும். அதைப் பந்தயத்துக்குத் தேற்ற இன்னும் பல மாதங்கள் ஆகும். எங்கள் பக்கம் நேரப் பந்தயத்தில் காலையில் விட்டால் மணிக்கணக்கில் மேலேயே நிற்க வேண்டும். நடுவர் மாடியிலேயே உட்கார்ந்திருப்பார். புறா வேறு வீட்டு மாடியில் இறங்கினால் அவ்வளவுதான், அத்தனை உழைப்பும் போச்சு. அண்ணன்மார் சண்டைக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை இந்த வளர்ப்புக்குக் கொடுத்திருந்தால் படம் எங்கேயோ போயிருக்கும்.

கூடல்வாசி:
நான் சொல்ல வந்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள் அண்ணா. ஹசீபும் இச்சாப்பியும் சண்டை போடுவது, சேர்வது எல்லாம் அந்த வேலைக்கு நடுவில்தானே நடக்கும்?

தோணித்துறை:
வளர்ப்பைக் காட்டவில்லை என்பது சரியல்ல. லிட்டில் ஸ்வயம்பின் ஒளிப்பதிவில் கூண்டும் கூரையும் எவ்வளவு பக்கத்தில் தெரிகின்றன! இன்னொன்று, சௌபின் கொச்சிக்காரர். அந்தச் சந்துகளில் பெரியவர்களின் பகையும் பிள்ளைகளின் விளையாட்டும் தனித்தனியாகவா இருக்கும்? அண்ணன் வாங்கிய அடியைத் தம்பி சுமக்கத்தான் செய்வான். பையன்களை மட்டும் வைத்துப் படம் எடுத்திருந்தால் அழகாக இருந்திருக்கும், ஆனால் மட்டாஞ்சேரி இருந்திருக்காது.

மழைத்தாள்:
மூவரும் சுருமியை மறந்துவிட்டீர்கள். இச்சாப்பிக்குப் பிடித்த பெண், கூடப் படிக்கிறவள். பள்ளிப் பருவத்திலேயே அவளுக்குக் கல்யாணப் பேச்சு முடிந்துவிடுகிறது. அதைப் பையனின் ஏக்கமாக மட்டும் காட்டிவிட்டுப் படம் நகர்ந்துவிடுகிறது. அவளுக்கு என்ன தோன்றியது? என் வகுப்பில் ஒருத்தி பத்தாம் வகுப்பு அரைப் பரீட்சைக்கு அப்புறம் வரவே இல்லை. ஆறு மாதம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்தபோது, கணக்கு நோட்டைத் திருப்பித் தரவில்லை என்றுதான் முதலில் சொன்னாள். வளர்பருவப் படம் என்றால் சுருமியின் வளர்ச்சியும் அதில் உண்டு. இம்ரானுக்குக் கொடுத்த நேரத்தில் கொஞ்சம் அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

தோணித்துறை:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆண்பிள்ளைகளின் கண்ணிலிருந்து மட்டுமே பார்க்கும் படம்தான் இது. ஆனாலும் இம்ரானை வெட்டச் சம்மதிக்க மாட்டேன்.

கூடல்வாசி:
சரி, 'இரண்டு வரி வசனம்' என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஷேனின் முகம் எனக்கும் மறக்கவில்லை. ஆனால் ஒரே மூச்சில் அவ்வளவு நீளமாக வேண்டாம். பந்தய நாளுக்குள் துண்டு துண்டாக வந்திருக்கலாம்.

கர்ணப்புறா:
அது நடக்கும் தம்பி. பந்தய நாளில் விட்ட பிறகு நமக்கு ஒரு வேலையும் கிடையாது. விசிலும் கொடியும் எல்லாம் விடுவதற்கு முன்னால்தான். அப்புறம் பாயைப் போட்டு அண்ணாந்து படுத்துக் கிடப்போம். எங்கள் அண்ணன் செத்த வருடம் நானும் அப்படித்தான் கிடந்தேன். புள்ளி மாதிரி தெரிந்த புறா மேகத்துக்குள் போய்விட்டது. அது திரும்பிக் கண்ணில் படும்வரை அவனைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.