ஃபால்ட்டை 240 மில்லி செகண்டில் கிளியர் பண்ணினாலே மெஷின் ஸ்டெப் தாண்டுது (கிரிட்டோட ஒத்து ஓடாம போகுது), கைக்கணக்கில் 259 வரை தாங்கும்னு வருது. ஏனுங்க?

கேள்வி (பவானிக்கரை):
மேட்டூர்ப் பக்கத்து அனல் யூனிட் மாதிரி ஒரு மெஷின், எதிரில் இன்ஃபினிட் பஸ் (வோல்டேஜும் ஃப்ரீக்வன்சியும் மாறாத பெரிய கிரிட்), நடுவில் இரட்டை லைன். மதிப்புகள் நானே எடுத்துக்கிட்டது: எச் (சுழலும் பாகத்தின் இனர்ஷியா மாறிலி) 4 செகண்ட், ட்ரான்சியன்ட் ரியாக்டன்ஸ் 0.3, டிரான்ஸ்ஃபார்மர் 0.15, ஒவ்வொரு லைனும் 0.4. உள் வோல்டேஜ் 1.2, பஸ் 1.0, லோடு 0.8, எல்லாம் பெர் யூனிட் (பேஸ் மதிப்புக்கு இத்தனை பங்குன்னு சொல்றது). அனுப்பும் பஸ் ஓரம் ஒரு லைனில் மூணு ஃபேஸ் ஃபால்ட். அந்த லைனைத் திறந்து கிளியர் பண்றோம். ஈக்குவல் ஏரியாவில் (ரோட்டார் வேகமெடுக்கும் பரப்பும் வேகம் குறையும் பரப்பும் சமமாகும் கணக்கு) கிரிட்டிகல் டைம், அதாவது ஃபால்ட்டை கிளியர் பண்ண இருக்கிற கடைசி நேரம், 0.259 செகண்ட் வருது. சிமுலேஷனில் 0.24-க்கே ரோட்டார் ஆங்கிள் ஏறிட்டே போகுதுங்க. டேம்பிங் சுழி, டைம் ஸ்டெப் 1 மில்லி செகண்ட்.

ரிலே ரூம்:
சிமுலேஷன் சரிதானுங்க, கைக்கணக்குதான் இடிக்குது. ஃபால்ட்டுக்கு அப்புறமும் பழைய கர்வையே (ரோட்டார் ஆங்கிளுக்கு எவ்வளவு பவர் போகும்ங்கிற வளைகோடு) போட்டிருக்கீங்க. இரண்டு லைன் இருக்கையில் மொத்த ரியாக்டன்ஸ் 0.65, உச்ச பவர் 1.846. ஒரு லைன் போனதும் 0.85, உச்சம் 1.412. தொடக்க ஆங்கிள் 25.7 டிகிரி, அது பழைய கர்வில் இருந்து. ஆனா கடைசி எல்லையைப் புதுக் கர்வில் எடுக்கணும்: 180 கழித்தல் 34.5, அதாவது 145.5. பழசில் எடுத்தா 154.3 வரும். உங்க 0.259 அங்கிருந்துதான் வருது.

ஃபால்ட் நேரத்தில் பவர் சுழிங்கிறதால் கணக்கு சுலபம். காஸ் கிரிட்டிகல் ஆங்கிள் = (0.8 × 2.091 ÷ 1.412) − 0.824 = 0.361. ஆங்கிள் 68.9 டிகிரி. இந்த 2.091, 145.5-க்கும் 25.7-க்கும் உள்ள வித்தியாசம், ரேடியனுங்க (0.824 வர்றது காஸ் 145.5-ல் இருந்து), டிகிரியைப் போட்டா கணக்கே நாசம். நேரம் = வர்க்கமூலம்(4 × 4 × 0.753 ÷ (314.16 × 0.8)) = 0.219 செகண்ட்; 0.753-ங்கிறது 68.9-க்கும் 25.7-க்கும் உள்ள வித்தியாசம், ரேடியனில். 0.24-ல் திறக்கும்போது ரோட்டார் 77.5 டிகிரியில் நிக்குது, திரும்ப வழியில்லை.

பவானிக்கரை:
0.21-ல் நிக்குது, 0.225-ல் போகுது. நன்றிங்க. அப்போ 230 கேவியில் இதைப் பாதுகாப்புன்னு சொல்லலாமா?

ரிலே ரூம்:
பாதிதான் சொல்லலாம். மத்திய மின்சார ஆணையத்தின் 2010 கிரிட் தரநிலை 220 கேவி வகுப்புக்கு 160 மில்லி செகண்டும் 400-க்கு 100-ம் வைக்குது. 219-க்குள் அடங்கிடும். பிரேக்கர் ஒட்டிக்கிட்டா பிரேக்கர் ஃபெயில் பாதுகாப்புக்கு இன்னும் 200 வரை உண்டு, ஆக 360. அங்கே மெஷின் போயிடும். லோடை 0.6-க்கு இறக்கினாலும் (உள் வோல்டேஜ் மாறாம) கிரிட்டிகல் டைம் சுமார் 311 தான். ஒட்டுறது பெரும்பாலும் ஒரு போல் (பிரேக்கரில் ஒரு ஃபேஸுக்கான பாகம்) தான், மீதி ஃபால்ட் ஒரு ஃபேஸா இறங்கிடும். கொஞ்சம் பவர் போய்க்கிட்டு இருக்கும், நேரமும் நீளும். அதைத் தனிக் கேஸா ஓட்டிப் பாருங்க.

குந்தா மேடு:
பெர் யூனிட்டுக்கு எடுத்த பேஸையும் சரிபாருங்கோ. 210 மெகாவாட், பவர் ஃபேக்டர் 0.85-னா மெஷின் பேஸ் 247 எம்விஏ. ரியாக்டன்ஸை 100 எம்விஏவுக்கு மாத்தினா எச்சை 2.47-ஆல் பெருக்கணும், ரியாக்டன்ஸை 2.47-ஆல் வகுக்கணும். ஒண்ணை மட்டும் மாத்தினா முடிவு எங்கேயோ போகும்.

பவானிக்கரை:
உடுமலைப் பக்கத்துக் காத்தாடிகளையும் இதே மாடலில் சேர்க்கலாமா?

குந்தா மேடு:
வேண்டாமுங்க. பழைய நேரடி இணைப்புக் காத்தாடி இண்டக்ஷன் ஜெனரேட்டர். அதுக்கு இந்த ரோட்டார் ஆங்கிளே கிடையாது. வோல்டேஜ் விழுந்தா டார்க் வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும், வேகம் ஏறும். பிரேக்டவுன் ஸ்லிப்பை (டார்க் உச்சத்தைத் தொடும் வேக வித்தியாசம்) தாண்டிட்டா கிளியர் ஆன பிறகும் ரியாக்டிவ் உறிஞ்சி வோல்டேஜை எழ விடாது. ஸ்லிப் சமன்பாடு போடுங்க. கன்வெர்ட்டர் வழி வர்ற புதுசுகளை கரண்ட் எல்லை உள்ள சோர்ஸா வைங்க. இரண்டுக்கும் ஈக்குவல் ஏரியா ஒத்து வராது. உங்க மாடல் முதல் ஸ்விங், அதாவது கிட்டத்தட்ட ஒரு செகண்ட் வரைக்கும்தான். அதுக்கப்புறம் ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக்கும் கருவி), கவர்னர் (வேகத்தைச் சீராக்கும் கருவி) இல்லாம எதையும் நம்பாதீங்க.