ஆபீஸ் கம்ப்யூட்டர் வேலை நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது: அப்டேட்டை நிறுத்த வழி உண்டா?

கணக்குப்பையன்_ஈரோடு:
வணக்கம். சின்ன ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்று பெயர் வாங்கிவிட்டதால் அதுவும் என் தலையில். மொத்தம் 9 மெஷின், எல்லாம் விண்டோஸ் 11. ஆறில் ப்ரோ பதிப்பு, மூன்றில் ஹோம் பதிப்பு. தனி சர்வர் கிடையாது. ஒரு ப்ரோ மெஷினில் டேட்டா ஃபோல்டரை ஷேர் செய்து எல்லோரும் அதில்தான் வேலை.

ஜூன் 11, ஜிஎஸ்டிஆர்-1 (மாத விற்பனை விவர ரிட்டர்ன்) போடக் கடைசி நாள். ராத்திரி 8:40-க்கு அந்த ஷேர் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. நான்கு பேர் என்ட்ரி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பார்ட்டியின் டேட்டா திறக்கவே இல்லை. மதியம் எடுத்த பேக்கப்பைப் போட்டு, மறுபடி என்ட்ரி போட்டு, ஃபைல் செய்தபோது மணி 11:30. சார் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

மறுநாள் சர்வீசஸில் போய் விண்டோஸ் அப்டேட்டை டிஸேபிள் செய்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அது பாட்டுக்கு ஓடுகிறது. நிரந்தரமாக நிறுத்துவது எப்படி?

பழைய மதர்போர்டு:
முதலில் அப்டேட்தானா, கரண்ட் பிரச்சினையா என்று பாருங்கள் தம்பி. மெஷினில் நடப்பதையெல்லாம் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போங்கள். 8:40-ஐ ஒட்டி 1074 என்ற ஈவென்ட் எண் இருந்தால் ஏதோ ஒரு புரோகிராம் ரீஸ்டார்ட் கேட்டிருக்கிறது, எது என்று அதிலேயே எழுதியிருக்கும். 1074 இல்லாமல் 41 மட்டும் இருந்தால் யூபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள்.

கணக்குப்பையன்_ஈரோடு:
1074தான் அண்ணா. காரணம் என்ற இடத்தில் அப்டேட் என்றே இருக்கிறது.

பழைய மதர்போர்டு:
சரி. சர்வீஸை நிறுத்தினால் நிற்காது. அதைப் பழையபடி சரிசெய்வதற்கென்றே 'அப்டேட் மெடிக்' என்று இன்னொரு சர்வீஸ் உள்ளே இருக்கிறது. நிறுத்தவும் கூடாது. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் வந்ததே, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. இரண்டு மாதமாக அதைப் போடாமல் இருந்தவர்கள்தான் மாட்டினார்கள். உங்களிடம் இருப்பதோ ஊரார் கணக்கு.

உடனே செய்ய வேண்டியது, விண்டோஸ் அப்டேட் செட்டிங்ஸில் ஆக்டிவ் ஹவர்ஸை மாற்றுவது; அந்த நேரத்தில் அப்டேட்டுக்காகத் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. உங்கள் மெஷினில் காலை 8 முதல் மாலை 5 என்று இருக்கும், அதனால்தான் 8:40-ஐ ஆபீஸ் மூடிய நேரம் என்று எடுத்துக்கொண்டது. மேனுவல் என்று மாற்றி, காலை 8 முதல் ராத்திரி 2 வரை வையுங்கள். 18 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது.

ராத்திரி ஷிப்ட்:
இதில் தேதிக் கணக்கு ஒன்று இருக்கிறது. மாதாந்திர அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய், அமெரிக்க நேரத்தில் வரும். நமக்கு அது செவ்வாய் ராத்திரி பத்தரைக்கு மேல், அதாவது புதன்கிழமை கணக்கு. 9-லிருந்து 15-க்குள் விழும். உங்கள் 11-ஆம் தேதி நட்டநடுவில் நிற்கிறது. ப்ரோ மெஷின்களில் ஜிபிஎடிட் (gpedit, குரூப் பாலிசி எடிட்டர்) திறந்து, விண்டோஸ் அப்டேட் பாலிசியில் குவாலிட்டி அப்டேட்டை, அதாவது இந்த மாதாந்திர அப்டேட்டை, 7 நாள் தள்ளிப்போடுங்கள். முடிந்தது.

வரவு_செலவு:
7 போட்டால் 16-லிருந்து 22-க்குள் வரும். 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் மாத ரிட்டர்ன்) யார் போடுவது? :) நாங்கள் இதில் அடிபட்டவர்கள். 14 போடுங்கள், 23-க்கு மேல் போய்விடும். 30 நாள் வரை தள்ளலாம், ஆனால் அவ்வளவு வேண்டாம்.

கணக்குப்பையன்_ஈரோடு:
ஹோம் மெஷினில் ஜிபிஎடிட் திறக்கவே இல்லையே?

வரவு_செலவு:
ஹோமில் அது கிடையாது. ஒன்பதாம் தேதிக்கு முன்னால் அப்டேட் செட்டிங்ஸில் கையால் பாஸ் (Pause, தற்காலிக நிறுத்தம்) கொடுக்க வேண்டியதுதான், 5 வாரம் வரை போகும். முழுசாக ஓட விட்டால், வந்திருக்கும் அப்டேட்டைப் போட்டால்தான் அடுத்த பாஸ் கிடைக்கும். அதனால் 23 வாக்கில் நீங்களே ரெஸ்யூம் (Resume) கொடுத்து அப்டேட்டை மறுபடி ஓட விடுங்கள். ஹோமில் எந்த ஷேர் ஃபோல்டரும் வைக்காதீர்கள்.

பழைய மதர்போர்டு:
14 நாள் சரியான யோசனை. இன்னொன்று: சாயங்காலம் கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைக்கும் பழக்கம் உண்டா? அப்படியென்றால் ராத்திரி போட வேண்டிய அப்டேட் போடாமல், மறுநாள் பகலில் தொல்லை கொடுக்கும். மாதத்தில் ஒரு ராத்திரி மட்டும் ஆன் செய்து வைத்துவிட்டுப் போங்கள்.

கணக்குப்பையன்_ஈரோடு (ஜூலை 24):
ஜூலை 11, 20 இரண்டும் சத்தமில்லாமல் போயின. நேற்று ராத்திரி எல்லாவற்றையும் ஆன் செய்து வைத்துவிட்டுப் போனேன். காலையில் எட்டு மெஷின் அப்டேட் முடிந்து நிற்கிறது. ஒன்பதாவது அப்படியே இருக்கிறது. பெருக்க வந்த அக்கா, கரண்ட் வீணாகிறதே என்று அந்த வரிசை சுவிட்சை அணைத்துவிட்டார்களாம். சுவிட்ச் போர்டில் பேப்பர் ஒட்டிவிட்டேன். நன்றி அண்ணா, எல்லோருக்கும்.