4294967297: ஆய்லர் 641ஐ எப்படிப் பிடித்தார்?

உமிமூட்டை கேட்டது:
அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன் நான், கணிதம் படித்தவனல்ல. 32 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 4294967297. இது பகா எண் என்று பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று 1732இல் கணிதர் ஆய்லர் காட்டினார். படித்ததோடு விட்டிருக்கலாம். பழைய பில் தாள்களின் பின்பக்கத்தில் 3, 5, 7 என்று வகுக்கத் தொடங்கிவிட்டேன். 3க்குச் சிரமமில்லை, இலக்கங்களின் கூட்டுத்தொகை 59. 7க்கு மீதி 5, 11க்கும் 5. கால்குலேட்டரைத் தொடவில்லை, வீம்புதான். 449இல் மீதி பூச்சியம் வந்தது. தூக்கம் போயிற்று. காலையில் பார்த்தால், கடன் வாங்கிக் கழித்த இடத்தில் பிசகு! பதினொரு இரவுகள் ஆயின. 641 என்பது 116ஆவது பகா எண். ஆய்லரும் இப்படித்தான் உட்கார்ந்து வகுத்தாரா?

பழைய கரும்பலகை:
ஐயா, உங்கள் பொறுமைக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஆய்லர் பிற்பாடு எழுதிய வழியில் போனால் ஐந்தே வகுத்தல் போதும். p என்ற பகா எண் இதை வகுக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் 2^32ஐ, அதாவது 32 இரண்டுகளின் பெருக்கலை, p ஆல் வகுக்க மீதி p−1. 2^64க்கு மீதி 1. 2இன் அடுக்குகளின் மீதிகள் 64 படிகளுக்கு ஒருமுறை திரும்புகின்றன, அதற்கு முன் திரும்புவதில்லை. 2^(p−1)க்கும் மீதி 1தான். எனவே p−1ஐ 64 வகுத்தாக வேண்டும். 64இன் மடங்கோடு 1 கூட்டி வரும் பகா எண்கள்: 193, 257, 449, 577, 641. முடிந்தது.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. 2^(p−1)க்கு மீதி 1 என்பது ஃபெர்மாவே கண்ட தேற்றம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டின்முன் நின்றிருக்கிறார் மனிதர்.

இரட்டைக்கோடு:
வகுக்காமலே பார்க்கலாம். 641 = 5 × 128 + 1. ஆகவே 641ஆல் வகுத்தால் 5 × 2^7க்கு மீதி −1, அதாவது மடங்குக்கு ஒன்று குறைவு. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4 × 2^28க்கு மீதி 1. இன்னொரு பக்கம் 641 = 625 + 16, அதாவது 5^4ம் −2^4ம் ஒரே மீதி. மாற்றி வைத்தால் −2^32க்கு மீதி 1. அதாவது 2^32க்கு மீதி −1. ஒன்றைக் கூட்டுங்கள், மீதி கரைந்துவிடும். உமிமூட்டை ஐயா, ஈவு 6700417 பகா எண்தானா என்று பார்த்தீர்களா?

உமிமூட்டை:
பார்த்தேன். பழைய கரும்பலகை ஐயா சொன்ன 64ஐ பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 1878இல் 128 ஆக்கியிருக்கிறார். 6700417இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதற்குள் 128இன் மடங்கோடு 1 கூட்டி வரும் பகா எண்கள் ஐந்துதான்: 257, 641, 769, 1153, 1409. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. பகா எண்தான். சாப்பிடக் கூப்பிடுவதற்குள் முடித்துவிட்டேன்! 449இல் ஏமாந்த தாளை மட்டும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அடுத்தது 2^64 + 1. 18446744073709551617. இருபது இலக்கம். தாள் நிறைய இருக்கிறது.

பழைய கரும்பலகை:
வேண்டாம் ஐயா. அதன் சிறிய காரணியே 274177.