கலைச்சொல் விவாதம்: 'கவர் வெர்ஷன்' = வழிப்பதிவு?

நண்பர்களே, வணக்கம்.

ஒருவர் முதலில் பாடி வெளியிட்ட பாடலை இன்னொருவர் பாடிப் பதிவதை, அதாவது 'கவர் வெர்ஷன்' என்பதை, தமிழில் என்னவென்று சொல்வது என்று தொடங்கிய இழை, இப்போது இன்னொரு கேள்விக்கு வந்து நிற்கிறது. முதலில் பாடியவரை மக்கள் மறந்துவிட்டு, பிறகு பாடியவரையே நினைவில் வைத்திருக்கும் பாடல்களுக்குத் தனிச் சொல் வேண்டுமா? மறுபாடல், மீளிசை, நகல் பாடல், தழுவல் பாடல், விஞ்சுபாடல் என்று இதுவரை ஐந்து பரிந்துரைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் உண்மையான பாடல்களோடு பொருத்திப் பார்த்த பிறகு எழுதுகிறேன். என் பரிந்துரை: வழிப்பதிவு.

> 'மறுபாடல்' எளிமையாகத்தானே இருக்கிறது, அதுவே போதாதா?

எளிமைதான். ஆனால் மறுஒளிபரப்பு, மறுபதிப்பு, மறுதேர்வு என்று பாருங்கள். எல்லாவற்றிலும் அதே ஒன்று திரும்ப வருகிறது, பெரும்பாலும் அதே கையிலிருந்து. இசையிலும் அப்படி ஒன்று உண்டு. டெய்லர் ஸ்விஃப்ட் 2021 முதல் தன் பழைய இசைத்தொகுப்புகளைத் தானே மறுபடி பாடிப் பதிவு செய்து வெளியிட்டார். 'மறுபதிவு' என்ற சொல் அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. இன்னொருவர் வந்து பாடுவதற்கும் அதே 'மறு'வைக் கொடுத்தால் இரண்டும் குழம்பும். மீளிசைக்கும் இதே சிக்கல்தான்.

'நகல்' வேண்டவே வேண்டாம். ஓட்டிஸ் ரெட்டிங் 1965இல் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்' பாடலில், வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண் தனக்கு மரியாதை வேண்டும் என்று கேட்கிறான். 1967இல் அரீத்தா ஃபிராங்க்ளின் பாடியபோது கேட்பவள் பெண்ணாகிவிட்டாள். அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கூவும் பகுதி இருக்கிறதே, இன்று உலகமே சேர்ந்து பாடுவது, அது ரெட்டிங்கின் பதிவில் கிடையாது. அரீத்தா சேர்த்தது. பின்னணிக் குரல்களின் துள்ளலும் அப்படியே. இதைப் போய் நகல் என்று எப்படிச் சொல்வது?

'தழுவல்' நல்ல சொல், ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. குளோட் ஃபிரான்சுவா பிரெஞ்சில் பாடி 1967இல் வெளியான 'காம் தபிட்யூட்' பாடலின் மெட்டை எடுத்துக்கொண்டு, முற்றிலும் வேறு பொருளில் பால் ஆங்கா ஆங்கில வரிகள் எழுதினார். ஃபிராங்க் சினாட்ரா பாடி 1969இல் வந்த 'மை வே' அதுதான். சலிப்புத் தட்டிப்போன ஒரு காதலைப் பற்றிய பாட்டு, வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் ஒருவரின் பாட்டாகிவிட்டது. அது தழுவல். வரியும் மெட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்க, வேறொருவர் பாடுவதற்கு அந்தச் சொல் பொருந்தாது.

இப்போது என் பரிந்துரைக்கு வருகிறேன். 'பாடல்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'பதிவு' என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கவர் வெர்ஷனில் இரண்டாவதாக வருவது பாடல் அல்ல, பாடல் ஒன்றேதான். இரண்டாவதாக வருவது அதன் பதிவு. இசை உரிமைகளிலும் இந்தப் பிரிவினைதான் அடிப்படை. வரியும் மெட்டும் சேர்ந்த படைப்புக்கு ஓர் உரிமை, அதன் ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை.

டாலி பார்ட்டன் கதையைப் பாருங்கள். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' அவர் எழுதி, அவரே பாடி, 1974இல் வெளிவந்தது. எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். எல்விஸின் மேலாளரோ, பாடலின் பதிப்புரிமையில் பாதியைத் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அந்தக் காலத்தில் எல்விஸ் பாடுவதென்றால் சின்ன விஷயமா? இருந்தும் டாலி மறுத்துவிட்டார், அழுதுகொண்டே மறுத்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1992இல் ஒரு திரைப்படத்துக்காக விட்னி ஹூஸ்டன் பாடியபோது அமெரிக்கத் தரவரிசையில் அது 14 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. பதிவு விட்னியுடையது, பாடல் டாலியுடையது. அதனால்தான் அந்த வெற்றியில் எழுதியவருக்குரிய பங்கு முழுமையாக டாலிக்குப் போனது. 'பாடல்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்துவிட்டால் இந்த வேறுபாட்டைத் தமிழில் சொல்லவே முடியாது.

இதே காரணத்தால் 'ஒரிஜினல்' என்பதற்கு 'மூலப்பாடல்' என்று சொல்வதையும் தவிர்க்கலாம் என்பேன். 'முதற்பதிவு' என்றால் தெளிவு. முதலில் பதிந்தவர்தான் எழுதியவர் என்றில்லை, எழுதிய மொழியில்தான் முதற்பதிவு இருக்கும் என்றும் இல்லை. நட்டாலி இம்ப்ரூலியா 1997இல் பாடிப் புகழ்பெற்ற 'டோர்ன்' பாடலை அவருடையது என்றே பலரும் நினைக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள், எழுதியவர்களின் எட்னாஸ்வாப் குழு 1995இல் வெளியிட்டதைச் சொல்வார்கள். அதற்கும் முன்பே, 1993இல், லிஸ் சோரன்சன் என்ற பாடகி அதை டேனிஷ் மொழியில் பாடி வெளியிட்டுவிட்டார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாட்டுக்கு முதற்பதிவு டேனிஷில்!

> 'வழி' ஏன்? 'வழியாக' என்ற பொருள்தானே முதலில் தோன்றும்?

நன்னூலில் நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறார் பவணந்தி முனிவர். வழிநூலுக்கு அவர் தரும் இலக்கணம்:

முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்

முன்னவர் நூலோடு முடிவில் ஒத்துப்போக வேண்டும், பின்னவர் தான் விரும்பும் வேறுபாடுகளைச் செய்துகொள்ளலாம், ஆனால் மரபு அழியக் கூடாது. கவர் வெர்ஷனுக்கு இதைவிடப் பொருத்தமான வரையறையை நான் எங்கும் பார்த்ததில்லை. இதோடு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தை வைத்துப் பாருங்கள். ஒரு பாடலை முதல்முறை பதிந்து வெளியிட உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அது வெளிவந்த பிறகு, சட்டப்படியான தொகையைக் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் பதியலாம். 1909ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தொகை பிரதிக்கு 2 சென்ட். 1976ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது: பாடுபவர் தன் பாணிக்கேற்ப இசையமைப்பை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அடிப்படை மெட்டையும் பாடலின் அடிப்படைத் தன்மையையும் மாற்றக் கூடாது. பின்னோன் வேண்டும் விகற்பம், அழியா மரபு. எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்த இடம் இது.

'வழியாக' என்ற பொருள் குறுக்கே வராது என்றே நினைக்கிறேன். 'வழித்தோன்றல்' என்றால் யாரும் பாதையை நினைப்பதில்லை, பரம்பரையைத்தான் நினைக்கிறோம். ஆனால் 'வழிப்பாடல்' என்று வைத்தால் ஆபத்து. வேகமாகச் சொன்னாலும் எழுதும்போது ஒற்று விடுபட்டாலும் 'வழிபாட்டுப் பாடல்' நினைவுக்கு வந்துவிடும். 'பதிவு' என்று முடிப்பதற்கு இது இன்னொரு காரணம்.

சார்பு என்ற மூன்றாம் வகையும் இங்கே பயன்படும். முதலையும் வழியையும் ஓரளவு தழுவி, வேறு திரிபுகளும் உடையது சார்புநூல். எல்விஸ் 1956இல் பாடிய 'ஹவுண்ட் டாக்' இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஜெரி லீபரும் மைக் ஸ்டோலரும் எழுதி, பிக் மாமா தார்ன்டன் 1952இல் பதிந்த அந்தப் பாட்டில், ஓசியில் ஒட்டிக்கொண்டு திரியும் ஆணை ஒரு பெண் விரட்டுகிறாள். எல்விஸ் பிடித்துக்கொண்டது அந்த வடிவத்தை அல்ல. லாஸ் வேகாஸ் மேடையில் ஃபிரெடி பெல் குழுவினர் வரிகளை மாற்றிப் பாடியதைக் கேட்டு, அதைத்தான் எடுத்துக்கொண்டார். அதில் பெண்ணின் கோபம் போய்விட்டது, முயல் பிடிக்கத் தெரியாத நாய் மட்டும் மிஞ்சியது. நான் தார்ன்டன் பக்கம்தான். எல்விஸின் துள்ளல் எனக்கும் பிடிக்கும், ஆனால் அந்தப் பாட்டு எதற்காக எழுதப்பட்டது என்பது தார்ன்டன் குரலில்தான் இருக்கிறது.

லெனர்ட் கோஹனின் 'ஹல்லேலூயா' சங்கிலியும் இப்படியே. முதற்பதிவு 1984. ஜான் கேல் 1991இல் வேறு சரணங்களைத் தேர்ந்தெடுத்துப் பியானோவோடு பாடியது வழிப்பதிவு. 1994இல் ஜெஃப் பக்லி பின்பற்றியது கோஹனின் பதிவை அல்ல, கேலின் பதிவை. எனவே அது சார்புப்பதிவு. இந்தப் பாடல் உலகெங்கும் பரவியதற்குக் கேல் செய்த தேர்வு பெரிய காரணம். ஆனால் முதல், கவர் என்று இரண்டே பெட்டிகள் வைத்திருந்தால் நடுவில் நிற்கும் கேல் கண்ணுக்கே தெரியமாட்டார்.

> சரி, புகழில் முந்திய பதிவுக்கு 'விஞ்சுபாடல்' என்று தனிச் சொல் வைத்தால் என்ன?

இங்கேதான் எனக்குக் கடுமையான மறுப்பு இருக்கிறது. வரிசை மாறாது, புகழ் மாறும். 1955இல் பேட் பூன் பாடிய 'எய்ன்ட் தட் எ ஷேம்' அமெரிக்கப் பாப் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டில் அதை எழுதிப் பாடியவர் ஃபேட்ஸ் டாமினோ. கறுப்பினப் பாடகர்களின் இசைத்தட்டுகளைப் பல வானொலி நிலையங்கள் ஒதுக்கிவைத்திருந்த காலம் அது. அவர்களின் பாடல் விற்கத் தொடங்கியதும் வெள்ளையரைக் கொண்டு அவசரமாகப் பதிந்து சந்தையில் இறக்குவது வழக்கமாக இருந்தது. 1955இல் அகராதி எழுதியிருந்தால் பூனின் பதிவு 'விஞ்சுபாடல்'. இன்று இசைச் சுவைஞர்கள் தேடிக் கேட்பது டாமினோவை. கலைச்சொல்லுக்குள் தீர்ப்பை எழுதிவிட்டால், அது அந்த நாளின் சந்தை தந்த தீர்ப்பாகத்தான் இருக்கும்.

ஆகவே வகைக்குப் பெயர் 'வழிப்பதிவு'. புகழைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'விஞ்சிய வழிப்பதிவு' என்று அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம். பிறகு நிலைமை மாறினால் அடைமொழியை எடுத்துவிடலாம்.

ஜானி கேஷ் 2002இல் பாடிய 'ஹர்ட்' என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நைன் இன்ச் நெய்ல்ஸ் குழுவுக்காக அதை எழுதி 1994இல் பாடியவர் ட்ரென்ட் ரெஸ்னர். கேஷின் காணொளியைப் பார்த்த பிறகு, அந்தப் பாட்டு இனி தன்னுடையதல்ல என்று உணர்ந்ததாக அவரே சொன்னார். எழுதியவரே ஒப்புக்கொடுத்த பிறகும் வழிப்பதிவு என்பதா? ஆம். அவர் ஒப்புக்கொடுத்தது உரிமை உணர்வை. எது முன், எது பின் என்பதை அல்ல. பாப் டிலனும் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1968இல் வெளியிட்ட 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' பதிவைக் கேட்ட பிறகு, தன் பாட்டையே மேடையில் ஹெண்ட்ரிக்ஸ் பாணிக்கு நெருக்கமாகப் பாடத் தொடங்கினார். அப்போதும் 1967ஆம் ஆண்டு டிலன் பதிவுதான் முதற்பதிவு.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன், உறுத்தவில்லை: "பிரின்ஸ் எழுதிய 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' பாடலின் முதற்பதிவு 1985இல் வந்தது, ஷினேட் ஓகானரின் 1990ஆம் ஆண்டு வழிப்பதிவுதான் பலருக்கும் தெரியும்." வினையாக: "அவர் இதை வழிப்பதிவு செய்தார்."

ஒரே ஓர் இடத்தில் இடிக்கிறது. பிறர் பாடல்களை மட்டுமே மேடையில் பாடும் 'கவர் பேண்ட்' இருக்கிறதே, அங்கே பதிவு என்று எதுவும் இல்லை. 'வழியிசைக் குழு' என்று வைக்கலாமா? எனக்கு ஓரளவு பிடித்திருக்கிறது, ஆனால் 'வழியிசை' தனியாக நின்றால் பொருள் விளங்குமா என்பதில் தயக்கம் உண்டு. மேடைக் கச்சேரிகளோடு பழக்கமுள்ளவர்கள் இதற்கு மாற்று இருந்தால் எழுதுங்கள். 'சார்புப்பதிவு' வேண்டுமா, அதையும் வழிப்பதிவிலேயே அடக்கிவிடலாமா என்றும் சொல்லுங்கள்.