செட்டிநாட்டு வீட்டில் கருவி வைக்க யாரிடம் அனுமதி கேட்பது?

கட்டடக்கலையில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், மூன்றாம் ஆண்டு. செட்டிநாட்டு வீடுகளின் முற்றமும் கோடை வெப்பமும்தான் தலைப்பு. ஏப்ரல், மே முழுக்க முகப்பு, வளவு (முதல் முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு (அதற்குப் பின்னால் உள்ள பகுதி) மூன்றிலும் வெப்பநிலையும் ஈரப்பதமும் பதியும் டேட்டா லாகர் வைக்க வேண்டும். தீப்பெட்டி அளவுதான், ஆணிகூட அடிக்க வேண்டாம்.

அனுமதிதான் கிடைக்கவில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் நான் கேட்ட வீடெல்லாம் பங்காளிகளின் பொதுச் சொத்து. ஒருவர் சரி என்றால், வெளிநாட்டில் இருக்கும் இன்னொருவர் வேண்டாம் என்கிறார். கல்லூரிக் கடிதம் காட்டியாயிற்று, காவல்காரர் மூலமும் பேசிப் பார்த்தாயிற்று. ஹோட்டலாக மாறிய வீடுகளில் ஏசி ஓடுகிறது, அங்கே எடுக்கும் அளவீடு உதவாது. கணினி சிமுலேஷன் மட்டும் போதாது என்கிறார் வழிகாட்டி (நியாயம்தான்). மார்ச்சுக்குள் வீடு அமையாவிட்டால் அடுத்த கோடைதான்.

இப்படிப் பங்காளிகள் பலர் உள்ள வீட்டில் அனுமதி வாங்கியவர்கள் முதலில் யாரைப் பிடித்தீர்கள்?